கூடவே இருக்கும் பிசியோ: ஒரு சிகிச்சை முறையின் பலமும் குறையும்

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஊட்டிக்கு வருவது காற்றுக்காக. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மூன்று நான்கு வாரம் தங்கிப் பயிற்சி செய்தால் அந்தக் குறையை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொள்கிறது. சமவெளிக்கு இறங்கி ஓடும்போது அது கைகொடுக்கிறது. புதுக்கோட்டைக்காரரான கோவிந்தன் லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு கேரளத்தின் தொனக்கல் கோபி, சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். இருவரும் ஊட்டியில் பயிற்சி எடுத்தவர்கள்.

மலை கொடுப்பதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அது கேட்கும் விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நுரையீரலும் ரத்தமும் சில வாரங்களில் மலைக்குப் பழகிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் அப்படி அவசரப்படுவதில்லை. அவை கூடுதல் சுமைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு பழகிவிட்ட தெம்பில் ஓட்டக்காரர் தூரத்தைக் கூட்டுகிறார். கால் பின்தங்கி நிற்கிறது. நீலகிரியில் சமதளச் சாலை அபூர்வம். ஏற்றத்தில் கெண்டைக்காலும் குதிகால் நாணும் இழுபடுகின்றன. இறக்கத்தில் முன்தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுவதுபோல் நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல்லில் விடியற்காலை ஓட்டம் வேறு.

இந்த வலிகளோடு ஓட்டக்காரர் யாரிடம் போகிறார், போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கவலை. விளையாட்டு பிசியோதெரபி கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பெரிதாக மாறியிருக்கிறது. படுக்க வைத்து மின்சாரக் கருவி பிடிப்பதிலிருந்து, எழுப்பி நிறுத்தி அசைவைப் பார்த்துச் சுமை கொடுப்பதற்கு அது நகர்ந்திருக்கிறது. இந்தப் புதிய அணுகுமுறை எந்த அளவுக்குச் சரி, எங்கே இடறுகிறது என்று எடைபோட, இந்திய விளையாட்டில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வையே எடுத்துக்கொள்ளலாம்.

கோல்டு கோஸ்ட் முதல் டோக்கியோ வரை

2018 ஏப்ரல் 5 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 196 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். வென்ற கையோடு அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னது, போட்டி இடத்தில் தன்னுடன் பிசியோ இல்லை என்பதைத்தான். இரண்டு நாள் கழித்து வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தேசியப் போட்டியில் ஏற்பட்ட தொடைக் காயத்தின் வலியோடுதான் மேடை ஏறினார். அந்த ஆண்டே மீராபாய்க்கு இடுப்புக்கு மேல் முதுகுவலி முற்றியது. ஸ்கேன்களில் தெளிவான காரணம் எதுவும் சிக்கவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. ஜகார்த்தா ஆசியப் போட்டியிலிருந்து அவர் விலகினார்.

2020-ல் தோளும் தொந்தரவு கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பயிற்சியாளர் விஜய் சர்மாவுடன், ஒலிம்பிக் வீரர்களுக்கான அரசுத் திட்டத்தின் செலவில், அவர் அமெரிக்கா சென்றார். அங்கே அவர் தேடிப்போனவர் ஏரன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்ட். 2021 ஏப்ரலில் தாஷ்கந்த் ஆசியப் போட்டியில் மீராபாய், பளுவைத் தோள்வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். மறுபடியும் அமெரிக்காவுக்கு, செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய், அங்கிருந்து நேராக டோக்கியோவுக்கு விமானம் ஏறினார். ஜூலை 24 அன்று ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

ஹார்ஷிக்கின் பின்னணி இங்கே முக்கியம். பிசியோதெரபியில் முனைவர் நிலைத் தொழிற்பட்டம் பெற்ற அவர் தாமே பளுதூக்கும் வீரராகப் பல ஆண்டுகள் போட்டியிட்டவர். 2015-ல் ‘ஸ்குவாட் யுனிவர்சிட்டி’ என்ற பெயரில் உடற்பயிற்சி, காயத் தடுப்பு பற்றி எழுதவும் காணொளி வெளியிடவும் தொடங்கினார். கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில்லின் செல்வாக்கு அவருடைய முறையில் வெளிப்படையாகத் தெரியும்.

முறை என்ன செய்கிறது

இந்த அணுகுமுறையின் முதல் கேள்வி, ‘எங்கே வலிக்கிறது?’ என்பதோடு நிற்பதில்லை. ‘என்ன செய்தால் வலிக்கிறது, என்ன செய்தால் வலிக்கவில்லை?’ என்று தொடர்கிறது. வீரரைப் படுக்கையில் போடுவதற்கு முன் நிற்கவும் குந்தவும் ஒற்றைக் காலில் இறங்கவும் சொல்கிறார் பிசியோ. குந்தும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா, கணுக்கால் மடங்க மறுத்துக் குதிகால் தூக்குகிறதா, கையை உயர்த்தினால் ஒரு தோள் மட்டும் பின்தங்குகிறதா என்று பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு ஐயத்தையும் ஒரு சிறு சோதனையால் உறுதி செய்கிறார் அல்லது தள்ளுகிறார். குதிகாலுக்கு அடியில் ஒரு பலகையை வைத்ததும் குந்துவது சரியானால் கோளாறு முதுகில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது என்று ஊகிக்க இடம் கிடைக்கிறது.

அடுத்தது சுமை. வலியைத் தூண்டும் அசைவைச் சில நாள் ஒதுக்கி, தூண்டாத அசைவில் பயிற்சியை நிறுத்தாமல் வைத்து, ஒதுக்கியதை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஓய்வு மருந்தாகாது என்பது இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் வலுவான சான்று இருக்கிறது. 1998-ல் சுவீடனின் எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன், நாட்பட்ட குதிகால் நாண் வலியால் ஓட முடியாமலிருந்த 15 பேருக்கு மிக எளிய பயிற்சி ஒன்றைக் கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலில் மட்டும் உடல் எடையைத் தாங்கிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற நல்ல காலைப் பயன்படுத்தலாம். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி அதேபோல் மூன்று சுற்று, காலையும் மாலையும். நாளுக்கு 180 தடவை, 12 வாரம். வலித்தாலும் செய்ய வேண்டும். வலி முடக்கும் அளவுக்குப் போனால் மட்டும் நிறுத்த வேண்டும். அந்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். அதற்குமுன் ஓய்வும் ஊசியும் அறுவையுமே வழி என்றிருந்த ஒரு நோவுக்கு, ஒரு படிக்கட்டும் பொறுமையும் போதும் என்றானது. பின்னர் வந்த ஆய்வுகள் பயிற்சியின் வடிவத்தை மாற்றிப் பார்த்தன. நாணுக்கு அளவான சுமைதான் மருந்து என்ற கருத்து அசையவில்லை.

பலம்

ஒன்று, இந்த முறை வீரரைத் தன் உடலுக்குப் பொறுப்பாளி ஆக்குகிறது. கருவிக்குக் கீழே படுத்திருப்பவருக்கு எழுந்து போனபின் செய்ய எதுவுமில்லை. படிக்கட்டில் குதிகால் இறக்கத் தெரிந்தவருக்கு, பிசியோ பக்கத்தில் இல்லாத நாளிலும் சிகிச்சை தொடர்கிறது. சிகிச்சை அறைகளில் பல காலமாகப் புழங்கும் அல்ட்ராசவுண்ட் கருவிக்குத் தசை, மூட்டு வலிகளில் போலி சிகிச்சையைவிடப் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சுளுக்கு என்றாலே ஐஸ், ஓய்வு என்ற விதியை 1978-ல் பிரபலமாக்கிய கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். பழக்கத்தைச் சான்று திருத்தும்போது அதற்கு இடம் கொடுப்பது இந்தப் புதிய போக்கின் நேர்மை.

இரண்டு, இது ஸ்கேனுக்கு அடிமையாவதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டில் தேய்மானம் தெரிந்தது. வட்டு தேய்ந்திருக்கிறது என்ற ஒரு வரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டத்தையே கைவிடும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அசைவைப் பார்த்து முடிவு செய்யும் பிசியோ அவர்களைத் திரும்ப ஓட வைக்க முடியும்.

மூன்று, பின்னணி தரும் நம்பிக்கை. பளுவைத் தாமே தூக்கிய ஒருவரிடம், ‘கம்பியைப் பிடிக்கும்போது இங்கே சுருக்கென்று இழுக்கிறது’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. ராணுவத்திலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு முகாமில் இடம் என்பது சோறு சம்பந்தப்பட்டது. வலியைச் சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டவரிடம்தான் உண்மையைச் சொல்வார்கள். உண்மையைச் சொல்லாத நோயாளிக்கு உலகின் தலைசிறந்த நிபுணராலும் எதுவும் செய்ய முடியாது.

குறை

இத்தனை சொன்னபிறகும் இந்த முறையின் மேல் எனக்கு நான்கு கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி. தசைகளின் சமநிலைக் குலைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் திறன் உயரும் என்பது வாக்குறுதி. மீராபாயின் எண்களை எடுத்துப் பார்ப்போம். தோள்தான் சிக்கல் என்றால் அதன் தடயம் ஸ்நாட்ச்சில் தெரிய வேண்டும். பளுவை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் அந்த முறையில்தான் தோளின் நிலைத்தன்மை அதிகம் சோதிக்கப்படுகிறது. 2020 பிப்ரவரியில், அமெரிக்கா போவதற்கு முன், தேசியப் போட்டியில் அவர் ஸ்நாட்ச்சில் தூக்கியது 88 கிலோ. சிகிச்சைக்குப் பின் தாஷ்கந்தில் 86, டோக்கியோவில் 87, 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 88, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 88. நான்கு ஆண்டுகளில் ஒரு கிலோகூட உயரவில்லை. ஆகவே சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. வலி குறைந்ததால் இடைவிடாமல் பயிற்சி செய்ய முடிந்தது, செய்ததால் மேடைக்கு வர முடிந்தது, வந்ததால் பதக்கம். விளையாட்டு பிசியோதெரபி தரும் உண்மையான பலன் இதுவே: வீரரைக் களத்தில் நிற்க வைப்பது. அதைத் தாண்டிய வாக்குறுதிகளைச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

இரண்டாவது, முன்கூட்டியே சோதித்துக் காயத்தைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை. நார்வேயின் விளையாட்டு மருத்துவப் பேராசிரியர் ரோல்ட் பார் 2016-ல் எழுதிய கட்டுரையில், அசைவுச் சோதனைகளால் யாருக்குக் காயம் வரும் என்று முன்னறிவிக்க முடியவில்லை, இனியும் அநேகமாக முடியாது என்றே வாதிட்டார். கோணலாகக் குந்தும் பலர் வாழ்நாள் முழுக்க வலியின்றி ஓடுகிறார்கள்; நேர்த்தியாகக் குந்துகிறவருக்கும் தொடை கிழிகிறது. இதற்கு மாறாக, சோதனை எதுவுமின்றி எல்லோருக்கும் கொடுக்கும் எளிய பயிற்சிகள் பலன் தந்திருக்கின்றன. ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற இருபது நிமிட வார்ம்-அப், இளம் பெண் கால்பந்து வீராங்கனைகளிடையே நடந்த பெரிய ஆய்வில் காயங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நிபுணரின் கழுகுக்கண்ணைவிடப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் அன்றாட ஒழுங்கு அதிகம் சாதிக்கும் இடம் இது. புகழ்பெற்ற நிபுணர்களைக் கொண்டாடும் நாம் இதைக் கொண்டாடத் தவறுகிறோம்.

மூன்றாவது, பயத்தை விதைக்கும் ஆபத்து. ‘இப்படிக் குனியாதே, முதுகு கெட்டுவிடும்’ என்ற எச்சரிக்கைகள் ஒரு நிபுணரின் வாயிலிருந்து, தனக்கு முன்னால் நிற்கும் ஒருவருக்குச் சொல்லப்படும்போது பொருத்தமாக இருக்கலாம். அதே சொற்கள் காணொளியாகி லட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஓடும்போது, முதுகு உடையக்கூடிய பொருள் என்ற எண்ணம் பரவுகிறது. 2023-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, நாட்பட்ட முதுகுவலிக்காரர்களின் அச்சத்தையும் நம்பிக்கைகளையும் கையாண்டு, பயந்து ஒதுக்கிய அசைவுகளுக்கே அவர்களைத் திரும்ப அழைத்துச் செல்லும் சிகிச்சை நீடித்த பலன் தருவதைக் காட்டியது. உடலை அசைவின் இயந்திரமாக மட்டும் பார்க்கும் பிசியோ, அந்த உடலுக்குள் இருக்கும் ஆளைத் தவறவிடுகிறார்.

வீரராக இருந்த பின்னணியும் இங்கே இரண்டு பக்கமும் வெட்டும். தாம் வலியோடு தூக்கியவர், வலியோடு தூக்குவதை இயல்பென்று கருதவும் கூடும். ‘நானும் இப்படித்தான் ஓடினேன்’ என்று சொல்லும் முன்னாள் வீரர், எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலைத் தசைவலி என்று தட்டிக்கழித்துவிட முடியும். சிகிச்சையாளரின் சொந்த அனுபவம் நோயாளியைக் கேட்க உதவ வேண்டும். நோயாளிக்குப் பதிலாகப் பேசக் கூடாது.

நான்காவது குறை முறையில் இல்லை, அது நம்மிடம் வந்துசேர்ந்த விதத்தில் இருக்கிறது. இந்தியாவின் தலைசிறந்த பளுதூக்கும் வீராங்கனை தோள் வலிக்குப் பதில் தேடிக் கண்டம் கடந்து போக வேண்டியிருந்தது. போய்த் திரும்பியபின் என்ன ஆயிற்று? 2022-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்த உலகப் போட்டியில் மணிக்கட்டு வலியோடு வெள்ளி. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இடுப்புக் காயத்தோடு நான்காம் இடம். 2024-ல் பாரிஸில் 199 கிலோ. ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் நழுவியது. முப்பதை நெருங்கும் உடலில் ஒரு காயம் ஆறினால் இன்னொன்று வருவது இயல்பு. இதற்கு எந்த நிபுணரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது ஒரு பாடம். காயம் ஒரு முறை போய்த் தீர்த்துவிட்டு வரும் வழக்கு இல்லை. அதற்கு அன்றாடக் கவனிப்பு வேண்டும்.

மலையில் வைத்துப் பார்த்தால்

தேசிய முகாமில் இடம் பிடித்தவருக்கு பிசியோ கிடைப்பார். முகாமுக்கு வெளியே சொந்தச் செலவில் அறை எடுத்து, நாலு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, அதிகாலையில் சாலையில் ஓடும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். குதிகால் வலித்தால் அவருக்கு முதலில் தெரிந்த வழி தைலம் போட்டு நீவிவிடுவது. நீவுவது தற்காலிகமாக இதம் தரும். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நாணுக்கு வலிமை ஏறாது. இதம் கிடைத்த தைரியத்தில் மறுநாள் அதே தூரம் ஓடுகிறார். வலி முற்றியபின் விளையாட்டுக் காயங்களுக்கான சிறப்பு மருத்துவம் தேடிக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்தப் பயணமும் தள்ளிப்போகும். இறங்கிப் போய் ஒரு முறை பார்த்து, பயிற்சிகளை எழுதி வாங்கி வந்தாலும், இரண்டாம் வாரத்தில் வலி கூடினால் நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்க ஆளில்லை. ஆல்ஃப்ரெட்சனின் 12 வாரத்தைப் பாதியில் கைவிட இதுவே போதும்.

இந்த இடத்தில் பிசியோ என்ன செய்ய வேண்டும் என்பது சிக்கலான விஷயமே இல்லை. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று எண்ண வேண்டும். வலக்காலில் இருபத்தைந்தும் இடக்காலில் பதினொன்றும் வந்தால், அந்தப் பதினான்குதான் அடுத்த சில மாதங்களுக்கான வேலை. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நாலடியில் அந்த எண் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவில்லை என்றால் நேற்றைய சுமை சரி. கூடியிருந்தால் இன்று குறைக்க வேண்டும். முழங்கால் வலி என்றால் இறக்கத்தில் ஓடுவதைச் சில வாரம் நிறுத்தி, ஏற்றத்தில் ஓடி இறக்கத்தில் நடந்து வரச் சொல்லலாம். குதிகால் நாண் வலி என்றால் இதற்கு நேர்மாறாக ஏற்றத்தைக் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் கருவி வேண்டாம். வாரம் ஒரு முறை நேரில் பார்க்கும் ஒரு கண் வேண்டும்.

பெண் ஓட்டக்காரர்கள் விஷயத்தில் அந்தக் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். உயர்மலையில் சிவப்பணு உருவாக இரும்புச்சத்து தேவை. இரும்புச்சத்து குறைந்த உடலுக்கு மலைப்பயிற்சி பலன் தராது. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும், கணுக்காலிலும் முன்காலிலும் விரிசல் விழும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஒரு தனிக் கோளாறாக வரையறுத்தது. முன்கால் எலும்பில் வலி என்று வரும் பதினேழு வயதுப் பெண்ணிடம் கடைசியாக மாதவிடாய் எப்போது என்று கேட்கத் தயங்கும் பிசியோ, எத்தனை அசைவுச் சோதனை செய்தாலும் காரணத்தைத் தொடமாட்டார். ஆண் பயிற்சியாளரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பெண் பிசியோ இருப்பது, இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியே.

இதே மலைச்சரிவில் இன்னொரு கூட்டமும் உடலை முதலீடாக வைத்து உழைக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண், சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, புதருக்கு மேல் குனிந்து, முதுகில் நிறைந்துகொண்டே வரும் பையோடு மணிக்கணக்கில் கையை ஓட்டுகிறார். எடை போடும் இடத்துக்குச் சுமந்து நடக்கும்போது கழுத்தும் தோளும் முதுகும் ஒருசேரச் சுமையை வாங்குகின்றன. உடலின் பார்வையில் இது ஒரு விளையாட்டு வீராங்கனை தாங்கும் சுமைக்குச் சற்றும் குறையாதது. அவருக்கு ஓய்வு நாள் அட்டவணை இல்லை, வார்ம்-அப் இல்லை, சீசன் முடிவும் இல்லை. வீரர்களுக்காக உருவான அறிவு அவரிடம் போகாமல் நின்றால் அந்த அறிவு பாதியிலேயே நிற்கிறது என்றுதான் பொருள்.

அந்த அறிவை நடந்து கொண்டுபோகும் வழி தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பக்கவாதத்தால் படுத்தவர்களுக்கும் மூட்டு முடங்கியவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை கொடுக்கிறார். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக் கட்டடம் திறக்கப்பட்டது. நாலரை ஆண்டு பிசியோதெரபி படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் மாநிலமெங்கும் இருக்கிறார்கள். துண்டு துண்டாக எல்லாம் இருக்கின்றன. அவற்றை ஒரு கோட்டில் கொண்டுவருவதுதான் பாக்கி.

எடைபோட்டால்

பார்த்துப் புரிந்துகொண்டபின் அளந்து சுமை கொடுக்கும் இந்த முறை, பழைய கருவிச் சிகிச்சையைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குச் சான்று இருக்கிறது. வீரரின் சுயமரியாதைக்கும் அது ஏற்றது. ஆனால் அதன் புகழை ஒரு தனி நிபுணரின் கண்ணுக்கும் கைக்கும் எழுதிவைப்பதில்தான் நாம் தவறுகிறோம். அசைவைப் படிக்கும் திறமை கற்பிக்கக் கூடியது. பயிற்சிகள் எளியவை. அரிதாக இருப்பது தொடர்ச்சி. பன்னிரண்டு வாரமும் கூட இருந்து, வலி கூடிய நாளில் குறைத்து, குறைந்த நாளில் கூட்டி, தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் துணிவுள்ள ஒருவர் இருந்தால் சாதாரண அறிவே பெரிய பலன் தரும். அவர் இல்லாவிட்டால் சிறந்த அறிவும் ஒரு பயணச் செலவாக முடியும்.

‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமையும் வேண்டும். கூட்டமைப்பின் சம்பளத்தில் இருக்கும் பிசியோ, பதக்கம் கேட்கும் கூட்டமைப்புக்கும் வலி என்று சொல்லும் வீரருக்கும் நடுவில் நிற்கிறார். கோல்டு கோஸ்ட்டில் பிசியோ களத்துக்குள் இல்லாமல் போனது, அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று கருதும் மனப்போக்கின் விளைவு. 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபிக்கு நாடு தழுவிய சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அங்கீகாரம் மைதானத்து ஓரத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

எனவே நீலகிரிக்கு நான் கேட்பது பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிபுணரோ அல்ல. பயிற்சிக் காலம் முழுவதும் ஊட்டி மைதானத்தில், முகாமில் இருப்பவர் இல்லாதவர் என்ற பேதமின்றி எவரும் அணுகக்கூடிய இரண்டு பிசியோக்கள், அவர்களில் ஒருவர் பெண். மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த இருபது நிமிட வார்ம்-அப்பில் பயிற்சி. புதிய மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் விளையாட்டுக் காயத்துக்கும் தோட்டத் தொழிலாளர் உடல்வலிக்கும் சேர்த்து ஒரே புறநோயாளர் பிரிவு. இரண்டும் ஒரே அறிவின் கீழ் வருபவை. இதைச் செய்யக் கூடுதலாகத் தேவைப்படுவது சில பணியிடங்கள், ஒரு அரசாணை. ஓடுவதற்கென்று இந்தியாவின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் நம்பி ஏறி வரும் மலை இது. அவர்களின் காலுக்குப் பொறுப்பேற்காமல் அவர்களின் பதக்கத்தில் மட்டும் பெருமை கொள்ள நமக்கு நியாயமில்லை.